முதலில் கூலி, பிறகு காணிக்கை

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். ஞாயிறு ஆராதனைக்குத் தவறுவதில்லை. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாக எடுத்து வைக்கிறார். ஆனால் திங்கள் முதல் சனி வரை தனக்கும் அடுத்த மேசைக்காரருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்கிறார். வீடு கட்டிக்கொண்டிருக்கிறார், வங்கிக் கடன் இருக்கிறது, தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள், அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. இத்தனை நெருக்கடிக்கு நடுவில் கிறிஸ்தவ நற்குணத்தோடு வாழ்வது எப்படி என்பது கேள்வி. கடன் இருக்கும்போது தசமபாகம் கொடுக்கத்தான் வேண்டுமா என்றும் ஓரமாக ஒரு கேள்வி வைத்திருக்கிறார்.

தம்பி, நீங்கள் எழுதிய பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். வீடு, கடன், தங்கையின் திருமணம், பெரியப்பா. இவற்றை நற்குணத்துக்கு வந்த இடையூறுகளாக எழுதியிருக்கிறீர்கள். நற்குணத்துக்கு வேறு இடமே கிடையாது என்பேன். இவை எல்லாம் தீர்ந்த பிறகு ஓய்வாக நல்லவனாக இருந்துகொள்ளலாம் என்று காத்திருந்தால் கல்லறைத் தோட்டம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2011 கணக்கெடுப்பில் இங்கு கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். எழுத்தறிவு 91.75 சதவீதம். ஆலய மணி கேட்காத ஊர் அநேகமாக இல்லை, வேதம் வாசிக்கத் தெரியாத வீடும் இல்லை. ஆகையால் இங்கே கிறிஸ்தவனாக இருப்பதற்கு ஒரு செலவும் ஆவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டால் போதும்.

தர்மம் செய்வதில் நாம் குறைந்தவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று கொட்டில்பாடும் குளச்சலும் மணக்குடியும் கடலுக்குள் போன நாளில், உள்நாட்டு ஊர்களில் பள்ளிக்கூடங்களையும் ஆலயங்களையும் திறந்துவிட்டு, யார் எவர் என்று கேட்காமல் சோறு பொங்கிப் போட்டார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் தங்கள் படகிலேயே புறப்பட்டுக் காணாமல் போனவர்களைத் தேடினார்கள். பேரிடர் நாளில் நாம் நல்லவர்கள்தான். கேள்வி எல்லாம் ஒன்றுமே நடக்காத செவ்வாய்க்கிழமையைப் பற்றியது.

பல வருடங்கள் சபைக் கணக்கு எழுதியவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவ நன்மை தர்மத்தில் தொடங்குவதில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுப்பதில் தொடங்குகிறது. கூலி, கடன், பங்கு, வாக்கு இவை முதலில். இரக்கம் அதற்கு மேல் வருவது. வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்கள் என்று இயேசு கடிந்துகொண்டது வேதம் தெரியாதவர்களை அல்ல, நம்மைப் போலக் கணக்குப் பார்த்துக் கொடுத்தவர்களைத்தான். வரி வசூலித்த ஆயக்காரன் சகேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழைகளுக்குப் பாதி என்றதோடு அவன் நிறுத்தவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். அதன் பிறகுதான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற வார்த்தை வருகிறது. நம் பிரசங்கங்களில் இயேசுவைப் பார்க்க அவன் மரத்தில் ஏறிய கதை முக்கால் மணி நேரம் ஓடும், திருப்பிக் கொடுத்த பகுதி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

நீங்கள் வீடு கட்டுகிறீர்கள் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

சனிக்கிழமை மாலை. கொத்தனார் சாந்துக் கரண்டியையும் ரசமட்டத்தையும் கழுவிச் சாக்கில் சுற்றியாயிற்று. கையாள் கைகால் கழுவி, சட்டை மாற்றி, எம்சாண்ட் குவியலுக்குப் பக்கத்தில் நிற்கிறார். வாயைத் திறந்து கேட்க மாட்டார். வீட்டுக்காரர் போனில் பேசிக்கொண்டே வருகிறார், பேசிக்கொண்டே போகிறார். கடைசியில் கொத்தனாரைக் கூப்பிட்டு, “வங்கியில் அடுத்த தவணை இன்னும் விழவில்லை, திங்கட்கிழமை பார்த்துக்கொள்வோம்” என்கிறார். கொத்தனார் தலையாட்டுகிறார், கையாள் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கிறார். அவர் வீட்டில் அன்று இரவு என்ன வாங்க நினைத்திருந்தார்கள் என்பது இந்த வீட்டுக்காரருக்குத் தெரியாது. மறுநாள் காலை ஆராதனையில் அதே வீட்டுக்காரர் காணிக்கைக் கவரில் பெயரெழுதிப் போடுவார்.

இவர் கொடுமைக்காரர் அல்ல. திங்கட்கிழமை கொடுத்தும் விடுவார். ஆனால் உபாகமம் 24ஆம் அதிகாரம் கூலியைப் பொழுது போகுமுன் கொடுத்துவிடச் சொல்கிறது; ஏழை அதன்மேல் ஆவலாய் இருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. யாக்கோபின் நிருபத்தில் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது. வேதத்தில் இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட காரியங்கள் குறைவு. இருந்தும் இதைப் பாவம் என்று அறிக்கையிட்டு ஒருவரும் அழுது நான் பார்த்ததில்லை.

நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது. வீட்டுக் கடன் மொத்தமாக வராது. அஸ்திவாரம், லிண்டல், கூரை கான்கிரீட் என்று வேலை நடந்த அளவைப் பார்த்துத்தான் வங்கி பணத்தை விடும். அதாவது வேலை முதலில், பணம் பிறகு. இந்த இடைவெளி வரும் என்பது முதல் நாளே தெரிந்த விஷயம். கம்பிக் கடைக்காரரும் சிமென்ட் கடைக்காரரும் கடன் தருவார்கள், அவர்களுக்கு அது வியாபாரம். கையாளிடம் கடன் சொல்லக்கூடாது. அடுத்த கட்டத்துக்கான கூலியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். பால் காய்ப்பு தள்ளிப்போனால் உறவினர்கள் நாலு பேர் பேசுவார்கள், பேசட்டும். கான்கிரீட் போட வருபவர்களில் இப்போது வடமாநிலத் தொழிலாளிகள் பலர். அவர்களுக்கு உரக்கக் கேட்கத் தமிழ் வராது. அவர்களுக்குத் தர வேண்டியது காண்ட்ராக்டர் கையோடு நின்றுவிட்டதா, அவர்கள் கைவரை போனதா என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டால் போதும். காண்ட்ராக்டருக்குக் கோபம் வரும். தாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த மண்ணில் கிறிஸ்தவம் வேர் பிடித்த கதையிலும் கூலிக்குப் பெரிய இடம் உண்டு. மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806இல். அவருக்குப் பின் வந்த மிஷனரிகளில் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855இல்தான். அதற்கு முன்பே, லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கிய பெண்கள் இங்கே இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் பரிதாபப்பட்டுப் பிச்சை போடவில்லை. செய்த வேலைக்குச் சரியான பணம் கைக்கு வந்தது, அந்தப் பணம் விலங்கை அவிழ்த்தது. அதே தலைமுறையில்தான், பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டமும் நடந்தது. 1859இல் அரசர் அறிவிப்பு வெளியிடும்வரை நம் பூட்டிகள் பட்டதை ஒரு பத்தியில் எழுத முடியாது.

கடற்கரையிலும் இதே கதைதான். வட்டிக்குப் பணம் வாங்கியவன் தன் மீனைத் தன் விருப்பத்துக்கு விற்க முடியாது. முன்பணம் கொடுத்தவர் சொல்வதே விலை. மீனவர் சங்கங்கள் வந்தபோது செய்த காரியம் பார்க்க மிகச் சிறியது. சங்கமே கரையில் ஏலம் விட்டது. விற்ற பணத்தில் கடனுக்குக் கொஞ்சம், சேமிப்புக்குக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்தது. இப்படிப்பட்ட சங்கங்களின் தென்னிந்தியக் கூட்டமைப்பு 1980இல் உருவானது. இதன் தொடக்கத்தில் பாதிரியார்களின் உழைப்பும் இருந்தது. ஒரு ஏலச் சீட்டும் ஒரு பேரேடும் பத்துப் பிரசங்கத்தைவிட அதிகமாகச் செய்த இடம் அது என்பது என் அபிப்பிராயம். போதகர்கள் மன்னிக்க வேண்டும்.

மீன் என்றதும் அடுத்ததையும் சொல்ல வேண்டும். அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பாருங்கள். ஒரு குலை மட்டிப்பழம், ஒரு பலாப்பழம், இரண்டு தேங்காய். மைக்கில் பெயர் சொல்லச் சொல்ல விலை ஏறுகிறது. சந்தையில் சில நூறுக்குப் போகும் குலையை ஆயிரங்களுக்கு எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு போகிறார் ஒரு சகோதரர். சந்தோஷம், பணம் ஆலயத்துக்குத்தான் போகிறது. அடுத்த நாள் காலை கடற்கரையிலிருந்து சருவத்தில் சாளை சுமந்து வரும் அம்மாவிடம் அவர் வீட்டு வாசலில் பத்து ரூபாய்க்கு என்ன பேரம் நடக்கிறது! எடுத்த மீனைத் திரும்பப் போடுவது, செவுளை விரித்துப் பார்ப்பது, “நேற்று வந்தவள் இதைவிடக் குறைத்துத் தந்தாளே” என்பது. இரண்டையும் செய்வது ஒரே பர்ஸ்தான். அங்கே மைக் இருக்கிறது, இங்கே இல்லை. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற வசனத்துக்கு இதைவிட நேரான பயிற்சி இருக்க முடியாது. பேரம் பேசாமல் வாங்குங்கள், நடந்து வந்தவருக்குத் தண்ணீர் கொடுங்கள், சருவத்தை இறக்கவும் ஏற்றவும் ஒரு கை பிடியுங்கள். 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் நாற்றம் என்று சொல்லி ஒரு மூதாட்டியைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட செய்தியைத் தமிழ்நாடே பேசியது. நாமும் பொங்கினோம். நம் வீட்டுத் திண்ணையில் அவரை உட்காரச் சொல்லியிருப்போமா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் பெரியப்பா. நீங்கள் காரணம் எழுதவில்லை. ஆனால் இது குமரி மாவட்டம், காரணம் அதிர்த்தியாகத்தான், அதாவது நில எல்லையாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் வழி. அப்பா வைத்த பத்து சென்டை நான்காகப் பிரித்து, கிணறு ஒருவன் பங்கில் விழுந்து, ஆறடி நடைபாதை யாருக்கு என்று முளைத்த வழக்குகள் குழித்துறை, இரணியல், பத்மநாபபுரம் நீதிமன்றங்களில் எத்தனை! ஒரு தென்னை சாய்ந்து தேங்காய் அந்தப் பக்கம் விழுந்ததில் இருபது வருடப் பகை வளர்த்த வீடுகளை நான் அறிவேன். அண்ணன் வலப்பக்க வரிசையில், தம்பி இடப்பக்க வரிசையில். இருவரும் ஒரே கிண்ணத்திலிருந்து திராட்சரசம் வாங்கிவிட்டு வெவ்வேறு வாசல் வழியாக வெளியே போவார்கள்.

காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னேயே வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் இருக்கிறது. கவனியுங்கள், உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அங்கே இல்லை. அவனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் என்றுதான் இருக்கிறது. நியாயம் நம் பக்கம் இருந்தாலும் முதலில் நடக்க வேண்டியவர் நாம்தான்.

அதற்காக இன்று மாலையே பெரியப்பா வீட்டுக்குப் போய்க் கட்டிப்பிடியுங்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படிப் போனால் பழைய பேச்சு எழுந்து புதிய சண்டையாகும். முதலில் பத்திரங்களை எடுத்து உட்கார்ந்து படியுங்கள். சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள், செலவு உங்களுடையதாக இருக்கட்டும். உங்கள் பங்கில் அரை சென்ட் கூடுதலாக வந்திருந்தால் அதை நீங்களே முதலில் சொல்லுங்கள். குறைவாக வந்திருந்தால் எவ்வளவு விட்டுக்கொடுக்க உங்களால் முடியும் என்று அப்பாவிடம் பேசுங்கள். அப்பாவின் தலைமுறைக்கு அது மானப்பிரச்சினை, உங்களுக்கு வெறும் மண். அந்த வித்தியாசம்தான் உங்கள் பலம். இடையில் பேச, இரு வீட்டிலும் சாப்பிட்டுப் பழகிய பெரியவர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். சபைக் கமிட்டிக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். அங்கே போனால் அதற்கும் இரண்டு கட்சி உண்டாகும்.

தங்கையின் திருமணம் பற்றி நீங்கள் ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். நான் கொஞ்சம் கூடுதலாக எழுதப் போகிறேன். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. இவ்வளவு படித்த மாவட்டத்தில் அது ஒரு மூலையில் தூங்குகிறது. “நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, நீங்கள் உங்கள் பெண்ணுக்கு விருப்பம்போலச் செய்யுங்கள்” என்ற வாக்கியத்துக்கு எத்தனை பவுன் என்று இரு வீட்டாருக்கும் தெரியும். ஜெபத்தோடு தொடங்கும் நிச்சயப் பேச்சு, பவுனிலும் ரொக்கத்திலும் காரிலும் போய் நிற்கிறது. தங்கைக்கு வரும் வரனிடம் எதுவும் பேச முடியாத இக்கட்டு உங்களுக்கு இருக்கலாம். பெண் வீட்டார் பாடு அப்படித்தான். ஆனால் நாளை நீங்கள் மாப்பிள்ளையாக உட்காரும் நாள் வரும். அன்று தீர்மானம் உங்கள் கையில். தங்கைக்குச் செய்த கடனை உங்கள் கல்யாணத்தில் எடுத்துவிடலாம் என்று வீட்டில் ஒரு கணக்கு இப்போதே ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கை இன்றே உடைத்து, அம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தங்கைக்குச் செய்வதையும் கையிருப்புக்குள் நிறுத்த அது உதவும்.

வரன் விளம்பரங்களில் சபைக்குப் பக்கத்திலேயே சாதியும் வந்து உட்கார்ந்திருக்கிறது. நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் என்ற அரண்மனை அலுவலர், குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயிடம் விசுவாசத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்மேல் ஆத்திரம் மூண்டதற்கு, ஒதுக்கி வைக்கப்பட்டவர்களோடு சமமாக உட்கார்ந்து பழகியதும் ஒரு காரணம். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் அளித்தபோது பெயருக்குப் பின்னாலிருந்த சாதிப் பட்டத்தை எடுத்துவிட்டுத் தேவசகாயம் என்றே அறிவித்தார்கள். அவர் சாகும் முன்பே விட்டதை, நாம் மாட்ரிமோனி விண்ணப்பத்தில் முதல் கட்டத்திலேயே நிரப்புகிறோம். காற்றாடிமலைக்குப் பஸ் ஏற்பாடு செய்து போய், மணியடிச்சான் பாறையில் கல்லால் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டு வருவதில் நமக்கு ஒரு சிரமமும் இல்லை.

அலுவலக வேலை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பொய் ரசீது எழுதாத ஓர் ஊழியர் இருந்தால் அந்த அலுவலகத்துக்கே அது தெரிந்துவிடும். மேசையில் வசன அட்டை வைக்க வேண்டிய அவசியம் இருக்காது.

கைப்பேசியில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தில் என்ன நடந்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அன்று வாட்ஸ்அப் இல்லை. வதந்தி வாய்வழியாகவே ஊர் ஊராக ஓடிற்று, உயிர்கள் போயின. பிறகு குன்றக்குடி அடிகளார் வந்து இரு சமயத்தாரையும் உட்கார வைத்துப் பேச வேண்டியிருந்தது. இன்று சபைக் குழுவில் “அதிகம் பகிரவும்” என்று வரும் ஒரு செய்தி அண்டை வீட்டு இந்துவையோ முஸ்லிமையோ பற்றிப் பயமூட்டினால், அதை உங்களோடு நிறுத்துங்கள். குழுவில் அதை அனுப்பியவர் மூப்பராக இருந்தாலும் தனியாக ஒரு போன் போட்டு, “அண்ணாச்சி, இது உண்மையா என்று பார்த்தீர்களா?” என்று கேளுங்கள்.

பெரிய அழைப்பு ஒன்று வரும் என்று காத்திருக்கும் வழக்கம் இளைஞர்களிடம் இருக்கிறது. நெய்யூர் ஆஸ்பத்திரியின் சோமர்வெல் டாக்டரை உங்கள் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தவர். அந்த முயற்சியில் பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்தார்கள். மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவர் நெய்யூருக்கும் வந்தார். 1838இல் தொடங்கிய மருத்துவப் பணி அது. ஆனால் அன்று அங்கே காத்திருந்த கூட்டத்துக்கும் இருந்த அறுவை மருத்துவருக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. அவர் கை கழுவிக்கொண்டு உதவிக்கு நின்றார். லண்டனில் காத்திருந்த நல்ல வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். 1924இல் மறுபடி எவரெஸ்ட் போய், மறுபடி நெய்யூருக்கே வந்தார். வாசலில் ஒரு வரிசை நிற்கிறது, தன்னிடம் கத்தி பிடிக்கத் தெரிந்த கை இருக்கிறது. அவர் பார்த்தது அவ்வளவுதான். உங்கள் ஊரில் கண்புரையோடு வீட்டுக்குள் இருக்கும் கிழவி யார், பிள்ளைகள் எல்லாம் வளைகுடாவில் இருக்க மருந்து வாங்கித் தர ஆளில்லாதவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். உங்களிடம் ஒரு பைக் இருக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்று முப்பது நாற்பது குடும்பங்களை ஒரு கூட்டமாக வைத்திருப்பதில் இந்த வசதி உண்டு, யார் வீட்டில் என்ன என்பது தானாகத் தெரிந்துவிடும். நம் சபைகளில் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு அந்தப் பயனைக் கொடுக்கலாம். பாட்டு இரண்டைக் குறைத்துக்கொண்டால் நேரம் கிடைக்கும்.

கடைசியாகத் தசமபாகம். கொத்தனாருக்குப் பாக்கி, மளிகைக்கடையில் பாக்கி, கைமாற்று வாங்கிய நண்பருக்குப் பாக்கி என்று இருந்தால், முதலில் அவற்றைத் தீருங்கள். அந்தப் பணம் உங்களுடையது அல்ல, பிறர் பணத்தில் காணிக்கை போட முடியாது. வங்கித் தவணை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் அது வேறு. அதைக் காட்டிக் காணிக்கையை நிறுத்த வேண்டாம், கையில் மிஞ்சுவதிலிருந்து கொடுங்கள். உங்கள் போதகர் இதற்கு மாறாகச் சொல்லலாம். சொன்னால் உபாகமம் 24ஐ அவரோடு உட்கார்ந்து படித்துவிட்டு, இருவருமாகத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.